குணமானவனுக்கு ஏன் பூட்டு?

(செங்கற்பட்டில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போகும் சமயத்தில் ஒரு தாயார் நம்மிடம் வந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைப்பவர். தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"தோழர், புத்தி பேதலிச்சவன் ஒருத்தனைக் கேசுல புடிச்சிக்கிட்டுப் போனா, திரும்ப எப்போ விடுவாங்க?"

யார் என்று விசாரித்தோம். கூடப் பிறந்த தம்பி என்றார். இரண்டு வருஷமாகத் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் களத்துமேட்டில், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவர் மீது அரிவாளை வீசிவிட்டான். வெட்டுப்பட்டவரும் கூலிக்காரர்தான். "மந்திரிச்சோம், தாயத்துக் கட்டினோம், கோயில்ல கொண்டுபோய் உட்கார வச்சோம். ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடுமேன்னு தள்ளிக்கிட்டே வந்தோம், தோழர்" என்று சொல்லி அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூலி உயர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நமக்கு அவருடைய கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம், வக்கீல்களைக் கேட்டோம், கோர்ட்டுத் தீர்ப்புகளைப் படித்தோம். அந்த வாக்கைத்தான் இன்று நிறைவேற்றுகிறோம்.

இது ஒரு குடும்பத்தின் விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2015-16ம் ஆண்டில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். நோய் கண்டவன் எல்லாம் வெட்டுவான் என்பது மூடநம்பிக்கை. தீங்கு செய்கிறவனைவிடத் தீங்குக்கு ஆளாகிறவனே அதிகம். ஆனாலும் சிலர் மீது கேஸ் வருகிறது. அந்தச் சிலரைச் சட்டம் என்ன செய்கிறது? இதுதான் இன்றைய பாடம்.

மூன்று வாசல்கள்

கேசில் மாட்டிய மனநோயாளியைப் பூட்டி வைக்கும் வாசல்கள் மூன்று.

முதல் வாசல், விசாரணைக்கு முன்பாகவோ விசாரணையின் நடுவிலோ திறக்கிறது. தன் மீது என்ன குற்றச்சாட்டு, எதிரில் இருப்பவர் யார், வக்கீல் என்ன கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள முடியாதவனை விசாரிப்பது நியாயமல்ல. ஆகவே மாஜிஸ்டிரேட் அவனை மனநோய் டாக்டரிடம் அனுப்பி அறிக்கை வாங்குகிறார். அவனால் வழக்காட முடியாது என்று தெரிந்தால் விசாரணையை நிறுத்தி வைக்கிறார். வழக்கு நின்றுவிட்டது. ஆனால் ஆள் எங்கே? அங்கேதான் அபாயம். விசாரணை நடந்தால் ஒரு நாள் தீர்ப்பு வரும். நிறுத்தி வைத்த விசாரணைக்குத் தீர்ப்பு நாளே கிடையாது.

இரண்டாவது வாசல் தீர்ப்பின் போது. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவன் ஒரு செயலைச் செய்திருந்தால் அது குற்றமாகாது என்பது நெடுநாளைய சட்டம். 1860ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 84வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22வது பிரிவு. கோர்ட்டு அவனை விடுதலை செய்கிறது. ஆனால் "விடுதலை" என்று எழுதிய அதே பேனா, "பாதுகாப்பான காவலில் வைக்கவும்" என்றும் எழுதலாம். உறவினரோ நண்பரோ ஜாமீன் கொடுத்து அழைத்துப் போனால் வீடு. இல்லாவிட்டால் காவல். எவ்வளவு காலம்? தீர்ப்பில் கெடு கிடையாது. தீங்கு செய்யும் அபாயமில்லை என்று சான்று வர வேண்டும், சர்க்கார் உத்தரவு போட வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால் இத்தனை வருஷம் என்று ஒரு கணக்காவது இருக்கும். குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானவனுக்குக் கணக்கில்லை!

மூன்றாவது வாசல், தண்டனை அனுபவிக்கும் போது. புத்தி தெளிவாகச் சிறைக்குள் போனவன் அங்கே நோய்ப்பட்டால், அவனை மனநல ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம்.

இந்த மூன்றிலும் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: "இது தண்டனையல்ல, சிகிச்சை." நல்ல வார்த்தை. ஆனால் நாம் தொழிலாளர்கள். முதலாளி "இது ஆட்குறைப்பு அல்ல, சீரமைப்பு" என்று சொல்லும் போது பெயரைப் பார்க்காமல் காரியத்தைப் பார்க்கப் பழகியவர்கள். இங்கும் அப்படியே பார்ப்போம்.

54 வருஷம் சிறையிலிருந்த விசாரணைக் கைதி

அஸ்ஸாமில் மொரிகாவ் பக்கத்தில் சில்சாங் என்று ஒரு கிராமம். அங்கே மசாங் லாலுங் என்றொரு பழங்குடி வாலிபர். 1951ம் ஆண்டில், ஒருவரைப் படுகாயப்படுத்தினார் என்று அவரைப் போலீஸ் பிடித்தது. அப்போது வயது 23. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விசாரணை நின்றது.

1967ம் ஆண்டில் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள், இவர் தேறிவிட்டார் என்று எழுதினார்கள். உடனே என்ன நடந்திருக்க வேண்டும்? கோர்ட்டில் நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும், அல்லது வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. குவாஹாட்டிச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே அவரை மறந்தார்கள். வழக்குக் கட்டு எங்கே, சாட்சி எங்கே, வாய்தா எங்கே? எதுவுமில்லை. ஆனால் ஆள் மட்டும் பூட்டுக்குள் இருந்தார்.

2005ம் ஆண்டில் தேசிய மனித உரிமைக் கமிஷன் தலையிட்ட பிறகு கோர்ட்டு அவரை விட்டது. எத்தனை ரூபாய் ஜாமீனில்? ஒரே ஒரு ரூபாய்! 23 வயதில் போனவர் 77 வயதில் வெளியே வந்தார். 54 ஆண்டுகள். ஒரு நாள்கூட அவர் மீது விசாரணை நடந்து முடியவில்லை. பின்னர் சுப்ரீம் கோர்ட்டு 3 லட்ச ரூபாய் நஷ்ட ஈடும் மாதம் 1000 ரூபாய் உதவித் தொகையும் தரச் சொன்னது. 2007ம் ஆண்டில் அவர் காலமானார். வெளி உலகில் அவர் வாழ்ந்தது இரண்டரை வருஷம் கூட இராது.

இது ஒரு தனி மனிதனின் துரதிர்ஷ்டம் என்று சொல்வோருக்கு ஹசாரிபாக் பதில் சொல்கிறது. பீகாரில் ஹசாரிபாக் மத்தியச் சிறையில் மனநோயாளிகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் நிலை, வீணா சேத்தி வழக்கு என்ற பெயரில் 1982ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. குணமான பிறகும் இருபது, முப்பது ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்தவர்கள் அதில் இருந்தார்கள். நீதிபதி பகவதி அவர்களை விடுவிக்க உத்தரவிட்டார். 1993ம் ஆண்டில் ஷீலா பார்ஸே வழக்கில், குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்ட விரோதம், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்படியானால் அதுவரை அடைத்து வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்!

மசாங் லாலுங் ஏன் மறக்கப்பட்டார்? அவருக்கு வக்கீல் வைக்க ஆளில்லை. காட்டோரத்துக் கிராமத்திலிருந்து சிறை வாசலுக்கு மாதா மாதம் வந்து நிற்கக் குடும்பத்திடம் வழிச்செலவுக்குக் காசில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்த நோய் வந்திருந்தால் 54 வருஷம் யாரும் மறந்திருப்பார்களா? நம் மாவட்டத்திலும் இருளர் மக்கள் இருக்கிறார்கள். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் புத்தி தடுமாறிக் கேசில் சிக்கினால், கோர்ட்டு வாசலில் அவனுக்காகக் காத்து நிற்பது யார்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பழைய பூட்டின் கதை

மனநோயாளியைப் போலீசும் மாஜிஸ்டிரேட்டும் கையாளும் முறை வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது. சென்னையில் 1794ம் ஆண்டிலேயே பைத்தியக்கார விடுதி தொடங்கப்பட்டது. 1871ம் ஆண்டில் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்று அது அரசு மனநலக் காப்பகம். ஆனால் நம் ஜனங்கள் வாயில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பது இன்னும் வசவாகவே நிற்கிறது. 1912ம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் வந்தது. அதன் நோக்கம் நோயைத் தீர்ப்பதல்ல. நோயாளியைத் தெருவிலிருந்து அகற்றுவது. சுதந்திரம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேலும் அந்தச் சட்டமே நீடித்தது. 1987ம் ஆண்டில்தான் புதிய மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர 1993 ஆயிற்று.

இந்த மனப்பான்மையை நம் செங்கற்பட்டுக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பக்கத்துத் திருமணியைப் பாருங்கள். அங்கே லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஆஸ்பத்திரி இருந்தது. 1955ம் ஆண்டில் மத்திய சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1898ம் ஆண்டின் குஷ்டரோகிகள் சட்டம் என்ன சொல்லிற்று? "ஏழைக் குஷ்டரோகி"யைப் போலீஸ்காரன் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். மாஜிஸ்டிரேட் அவனை விடுதியில் அடைக்க உத்தரவிடலாம். கவனியுங்கள், தோழர்களே, "ஏழை" என்ற அடைமொழியைக் கவனியுங்கள்! ஒரே கிருமிதான். பணக்காரனுக்கு வந்தால் வியாதி. ஏழைக்கு வந்தால் கைது.

பிறகு என்ன ஆயிற்று? 1940களில் டாக்டர் காக்ரேன் இதே செங்கற்பட்டில் சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தீரத் தொடங்கியது. மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்றாயிற்று. அடைத்து வைக்கக் காரணமே போய்விட்டது. ஆனாலும் அந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2016ம் ஆண்டில்தான்! மருந்து வந்து எழுபது வருஷம் கழித்துச் சட்டத்துக்குப் புத்தி வந்தது.

மனநோய்க்கும் இன்று மருந்து இருக்கிறது. எல்லோருக்கும் முழுக்கத் தீரும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் பெரும்பாலோர் தேறி வேலை செய்து வாழலாம். மருந்து எட்டாத இடத்தில்தான் சங்கிலி வருகிறது. 2001 ஆகஸ்டு 6ம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. நம்மைப் போன்ற ஏழைகள். கூலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாதவர்கள்.

பிற நாடுகளில்

"முன்னேறிய" நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவில் தியோன் ஜாக்சன் என்பவர் காது கேளாத, வாய் பேசாத, குழந்தையின் அறிவு மட்டுமே உள்ள ஏழை. அவர் மீது இரண்டு வழிப்பறிக் குற்றச்சாட்டுகள். பறிபோனதன் மொத்த மதிப்பு 9 டாலர். விசாரணைக்குத் தகுதி வரும் வரை ஆஸ்பத்திரியில் வைக்கச் சொன்னது இண்டியானா கோர்ட்டு. அவருக்கு அந்தத் தகுதி ஒரு நாளும் வராது என்று டாக்டர்களே சொன்னார்கள். அப்படியானால் ஆயுள் முழுவதுமா? 1972ம் ஆண்டில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, காலவரம்பின்றி இப்படி அடைத்து வைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது.

அதே அமெரிக்காவில் கான்சாஸ் ராஜ்யம் 1994ம் ஆண்டில் வேறொரு சட்டம் செய்தது. பாலியல் குற்றத்துக்காகத் தண்டனையை முழுக்க அனுபவித்து முடித்தவனையும், மனக்கோளாறு இருக்கிறது, மறுபடியும் செய்வான் என்று சொல்லி, "சிவில்" உத்தரவின் பேரில் மேலும் அடைத்து வைக்கலாம். 1997ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஒப்புக்கொண்டது. குற்றம் கொடியது, அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் செய்த குற்றத்துக்குத் தண்டனை முடிந்த பிறகு, செய்யாத குற்றத்துக்காக ஒருவனை அடைக்க ஆரம்பித்தால், அந்தச் சாவி நாளை யார் கையில் இருக்கும்?

இந்தக் கேள்வியை நம் பக்கத்தையும் பார்த்துக் கேட்க வேண்டும். சோவியத் நாட்டில் 1960களிலும் அதன் பின்னும் சர்க்காரை விமர்சித்தவர்கள் சிலரை மனநோயாளிகள் என்று சான்று எழுதி ஆஸ்பத்திரிகளில் அடைத்தார்கள். அது தவறு, பெரும் தவறு. டாக்டரின் சான்றுக்கு மேல் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், ஆட்சி யாருடையதானாலும் இது நடக்கும். இதை மறைத்துப் பேசினால் மசாங் லாலுங்கைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இராது.

நல்ல வழியும் உண்டு. இத்தாலியில் 1978ம் ஆண்டு 180ம் எண் சட்டம், பெரிய மனநோய் விடுதிகளைப் படிப்படியாக மூடி, ஊர்தோறும் சிகிச்சை நிலையங்கள் அமைக்க வழி செய்தது. குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான சிறை ஆஸ்பத்திரிகளை மூட மேலும் நெடுங்காலம் ஆயிற்று. அவற்றையும் மூடச் சட்டம் வகுத்து, 2015ம் ஆண்டு முதல் சிறிய இல்லங்களுக்கு மாற்றினார்கள்.

வெட்டுப்பட்டவன் என்ன செய்வான்?

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: "எல்லாம் சரி. வெட்டுப்பட்டவனும் நம் ஆள்தானே? அவன் கை போய்விட்டால் நாளைக்கு அவன் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்?" நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

அபாயமான நிலையில் உள்ளவனைச் சில காலம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஆக வேண்டும். அவனுக்கும் அது நல்லது, ஊருக்கும் நல்லது. வெட்டுப்பட்டவருக்குச் சிகிச்சையும் நஷ்ட ஈடும் சர்க்கார் தர வேண்டும்; அதற்காகவும் நாம் மனுப் போட வேண்டும். நாம் எதிர்ப்பது ஆஸ்பத்திரியை அல்ல. கெடு இல்லாத காவலை எதிர்க்கிறோம். மருந்தில்லாத காவலை எதிர்க்கிறோம். வக்கீல் இல்லாத காவலை எதிர்க்கிறோம். ஒருவனை எதற்காக அடைத்தார்கள்? சிகிச்சைக்காக. சிகிச்சை முடிந்தால் காவலும் முடிய வேண்டும். சிகிச்சையே கொடுக்காவிட்டால் அந்தக் காவல் வெறும் சிறை.

இன்னொன்றும் சொல்வோம். பூட்டி வைப்பதால் மட்டும் ஊர் பத்திரமாகிவிடாது. மருந்தில்லாமல் பத்து வருஷம் அடைத்துவிட்டு ஒரு நாள் வெளியே தள்ளினால், போனதைவிட மோசமாகத்தான் வருவான். அந்த அம்மாவின் தம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே மாத்திரை கிடைத்திருந்தால், களத்துமேட்டில் அந்த அரிவாள் வீசப்பட்டிருக்காது. வெட்டுப்பட்டவரின் கையைக் காப்பாற்றியிருக்கக் கூடியது போலீஸ் ஸ்டேஷன் அல்ல, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்!

சட்டம் இன்று என்ன தருகிறது?

இப்போது அந்த அம்மாவுக்குப் பதில். குறிப்பு எழுதிக்கொள்ளக் கூடியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

2017ம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குற்ற விசாரணை முறைக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 367 முதல் 378 வரையுள்ள பிரிவுகள் இந்த விஷயத்துக்கானவை.

ஒன்று: ஆள் நோயாளி என்பதை முதல் நாளே மாஜிஸ்டிரேட்டிடம் சொல்ல வேண்டும். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் காட்ட வேண்டும். டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த அறிக்கை தவறென்று நினைத்தால் மெடிக்கல் போர்டிடம் அப்பீல் செய்யலாம்.

இரண்டு: முகாந்திரமே இல்லாத கேஸ் என்றால் விசாரணையை நிறுத்தி வைக்கக் கூடாது, கேசிலிருந்து விடுவிக்க வேண்டும்.

மூன்று: 369வது பிரிவு. இதுதான் சாவி. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டிய அளவு நோய் இல்லை என்று டாக்டர் சொன்னால், ஜாமீனில் விட முடியாத கேசாக இருந்தாலும் கோர்ட்டு ஜாமீனில் விடலாம். ஒரே நிபந்தனை: பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் சிகிச்சை எடுக்க வைப்போம், பிறருக்கும் தனக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வோம் என்று உறவினரோ நண்பரோ உறுதிமொழி கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனையில் தோற்பவன் ஏழை. உறவினர் கூலிக்குப் போக வேண்டும். நண்பர்கள் நோய் வந்த நாளிலேயே ஒதுங்கிவிட்டார்கள். ஆனால் தோழர்களே, சட்டம் "உறவினர் அல்லது நண்பர்" என்கிறது. சங்கத்துக்காரன் நண்பன் இல்லையா?

நான்கு: கோர்ட்டு ஜாமீன் தராவிட்டாலும், சிகிச்சை கிடைக்கும் இடத்தில்தான் அவனை வைக்க வேண்டும். வெறும் லாக்கப்பில் போட்டு மறந்துவிடச் சட்டத்தில் இடமில்லை.

ஐந்து: 479வது பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக் கூடிய குற்றம் தவிர, மற்றக் கேஸ்களில் அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதிக்கு ஜாமீன் கேட்க உரிமையுண்டு. முதல் குற்றமானால் மூன்றில் ஒரு பங்கே போதும். வேறு கேஸ்களும் நிலுவையில் இருப்பவனுக்கு இது பொருந்தாது. இந்த நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வெளியே ஓர் ஆள் வேண்டும்.

ஆறு: சிறை டாக்டர், தமது சிறையில் மனநோயாளிகள் இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநலப் பரிசீலனை வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். வாரியம் சிறைக்கு வந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம். காகிதத்தில் இது நல்ல ஷரத்து. "இல்லை" என்று எழுதிய சான்றுக்கும் உள்ளே இருக்கும் மனிதனுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது நாம்.

ஏழு: மனநோயாளிக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமையுண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்க வேண்டும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். கேஸ் எதுவுமின்றித் தெருவில் திரியும் நோயாளியைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எவரையும் எங்கும் சங்கிலியால் கட்டக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் இவ்வளவு தருகிறதே, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூடத்தான் புத்தகத்தில் இருக்கிறது. சங்கம் இல்லாத வயலில் அது என்ன பாடுபடுகிறது என்பது நமக்குத் தெரியாதா? இதுவும் அப்படியே.

ஆகவே சில யோசனைகளைச் சொல்கிறோம். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்கள் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். தன் பகுதியில் நோய்ப்பட்டுக் கேசில் உள்ளவர் யார், எந்தக் கோர்ட்டு, எந்தச் சிறை, அடுத்த வாய்தா என்று என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பென்சில். மசாங் லாலுங்குக்கு இல்லாமல் போனது அதுதான்.

குடும்பத்தில் நோயாளி இருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் போனிலும் ஆலோசனை கேட்கலாம். கோவளம், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்தில் 1993ல் தொடங்கிய பேனியன், 1984ல் தொடங்கிய ஸ்கார்ப் போன்ற அமைப்புகள் வேலை செய்கின்றன. வீடற்ற மனநோயாளிகளும் சாதாரண வீடுகளில் சேர்ந்து வாழலாம் என்று பேனியன் காட்டியிருக்கிறது. நல்ல வேலை. ஆனால் தர்ம ஸ்தாபனங்கள் செய்வது சர்க்காரின் கடமையைத் தீர்த்துவிடாது. நாம் கேட்பது தர்மமல்ல, உரிமை.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் இவை. ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் மனநோய் மாத்திரை தட்டில்லாமல் இருக்க வேண்டும். நோயாளியை அழைத்து வரும் கூலிக்காரருக்கு அன்றைய கூலி இழப்பை ஈடு செய்ய வேண்டும். மன நிலை காரணமாகக் காவலில் வைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் கெடு வைத்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்த விசாரணையில் அவருக்கு வக்கீல் இருக்க வேண்டும். குணமானவரை ஏற்க வீடு இல்லாவிட்டால், தங்க இல்லம் தர வேண்டியது சர்க்கார். வீடு இல்லை என்பதற்காக எவரையும் பூட்டுக்குள் வைக்கக் கூடாது.

கடைசியாக, அந்தத் தாயாரைப் பற்றி. அவர் இன்றும் வந்திருக்கிறார், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் கேள்விக்கு "இத்தனை நாளில் விடுவார்கள்" என்று ஒரு தேதி சொல்ல நம்மால் முடியவில்லை. சட்டம் அந்தத் தேதியை எழுதி வைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை நீங்கள் கோர்ட்டுக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. உங்கள் கிளைத் தோழர்கள் இருவர் கூட வருகிறார்கள். சட்ட உதவி வக்கீலுக்கு மனு எழுதியாயிற்று. 369வது பிரிவின் கீழ் உறுதிமொழி கொடுக்க நீங்கள் உறவினராக நிற்பீர்கள். நண்பராக நிற்கத் தயார் என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "அவனுக்கு மருந்து குடுங்க, என் கைக்கு வழி சொல்லுங்க" என்றுதான் அவர் நம்மிடம் சொன்னார். நாம் இத்தனை நேரம் பேசியதை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு காரியத்தையும் சேர்த்துச் செய்வோம், தோழர்களே. திங்கட்கிழமை காலை 10 மணி, செங்கற்பட்டுக் கோர்ட்டு வாசல். வரக் கூடியவர்கள் எல்லோரும் வாருங்கள்.